ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு டூல்பாரின் தோற்றத்தை மட்டும் பைதான் மொழி கொண்டு மாற்ற முடியுமா?

முடியும். நானே செய்து தினமும் பயன்படுத்துகிறேன். கோடுகளை வரையும் பகுதியான ஸ்கெட்சரில், அவற்றுக்கு நிபந்தனை விதிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் டூல்பாரை மட்டும் பெரிதாக்க வேண்டும் என்கிறீர்கள். எழுதிய மேக்ரோ, அதாவது சிறு நிரல், சில வொர்க்பெஞ்சில் (ஒரு வகை வேலைக்கான கருவித் தொகுப்பு) பலிக்கிறது, சிலவற்றில் பலிக்கவில்லை என்றும் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் இருக்கிறது. எல்லா ஐகானும் ஒரே மாதிரி பெரிதானால் போதும் என்றால் மட்டும் பைதானே வேண்டாம், ப்ரிஃபரன்ஸில் ஐகான் அளவை மாற்றினால் முடிந்தது.

எங்கள் பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவருக்காகத்தான் நான் இதில் இறங்கினேன். வயது 50ஐத் தாண்டியவர். அளவெடுப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஸ்கெட்சரில் ஈக்வலும் (சம அளவு) பாரலலும் (இணைகோடு) அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. இரண்டுமே இரண்டு சிறு கோடுகள்தான். ஒன்றில் படுத்திருக்கும், மற்றதில் சாய்ந்திருக்கும். தப்பானதை அழுத்திவிட்டு, படம் ஏன் கோணுகிறது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பார். தவறு அவர் மேல் இல்லை. ஐகானுக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தால் இந்தத் தடுமாற்றமே வராது.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: டூல்பார் ஃப்ரீகேடின் தனிச் சரக்கு இல்லை. அந்த முழு ஜன்னலும் க்யூட் என்ற நிரல் நூலகத்தில் கட்டப்பட்டது. அதனால் க்யூட்டில் ஒரு டூல்பாருக்குச் செய்ய முடிவதையெல்லாம் இங்கேயும் செய்யலாம். விடையை ஃப்ரீகேட் ஆவணத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும், நான் அப்படித்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தேன்.

பைதான் கன்சோலைத் திறந்து, ஃப்ரீகேட்ஜியூஐ மாட்யூலின் 'கெட்மெயின்விண்டோ'வைக் கூப்பிட்டால் முதன்மை ஜன்னல் கைக்கு வரும். அதில் 'ஃபைண்ட்சில்ட்ரன்' போட்டு க்யூடூல்பார் வகையைக் கேளுங்கள், எல்லா டூல்பாரும் பட்டியலாக வந்துவிடும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில்தான் எழுதுகிறேன். கன்சோலில் புள்ளி வைத்ததும் பட்டியல் விரியும், அதில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டூல்பாரின் 'ஆப்ஜெக்ட்நேம்' என்ன என்று அச்சிட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் தலைப்பை வைத்துத் தேடாதீர்கள். இடைமுக மொழியை மாற்றினால் தலைப்பு மாறிவிடும், ஆப்ஜெக்ட்நேம் மாறாது.

தேவையான டூல்பார் கிடைத்ததும் வேலை எளிது. 'செட்ஐகான்சைஸ்' அளவைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு 32 பிக்சல் சரியாக இருந்தது. 'செட்டூல்பட்டன்ஸ்டைல்' மூலம் ஐகானுக்குப் பக்கத்தில் எழுத்து வரவழைக்கலாம். எழுத்து வந்தால் டூல்பார் நீண்டுவிடும், பாதிப் பொத்தான்கள் ஓரத்து இரட்டை அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் 'ஆட்டூல்பார்' கொண்டு அதை இடப்பக்க ஓரத்துக்கு நகர்த்திவிட்டேன். இப்போது பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன, படிக்க அவ்வளவு சுகம்.

நிறத்துக்கு 'செட்ஸ்டைல்ஷீட்'. டூல்பாரில் நேரடியாகப் போட்ட ஸ்டைல், மொத்த மென்பொருளுக்கும் இருக்கும் தீமின் ஸ்டைலை மிஞ்சி நிற்கும். பின்னணி நிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பேன். பொத்தானுக்குக் கோடு, ஓரம் என்று போகப்போக, கீழ்விரியும் பொத்தான்களின் சின்ன அம்புக்குறி ஐகான் மேல் ஏறிக்கொண்டது. அதைச் சரிசெய்ய இன்னும் நாலு விதி எழுத வேண்டியிருந்தது.

அப்புறம், உங்கள் மேக்ரோ ஏன் சில இடத்தில் பலிக்கவில்லை என்பது. ஒரு வொர்க்பெஞ்சின் டூல்பார்கள் அதை முதல்முறை திறக்கும்போதுதான் உருவாகின்றன. மேக்ரோ ஓடிய நேரத்தில் ஸ்கெட்சர் திறக்கப்படாமல் இருந்திருந்தால், அது தேடிய டூல்பார் அப்போது பிறக்கவே இல்லை. முதன்மை ஜன்னலில் 'வொர்க்பெஞ்ச்ஆக்டிவேட்டட்' என்றொரு சிக்னல், அதாவது வொர்க்பெஞ்ச் மாறியதைச் சொல்லும் அறிவிப்பு, இருக்கிறது. உங்கள் ஃபங்ஷனை அதோடு இணையுங்கள், வொர்க்பெஞ்ச் மாறும்போதெல்லாம் தானாக ஓடும். நான் இடையில் க்யூடைமரின் 'சிங்கிள்ஷாட்'டை வைத்துச் சற்றுத் தாமதித்து, டூல்பார்கள் வந்து அமர்ந்த பிறகே மாற்றுகிறேன். ஒரே மேக்ரோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இணைப்பும் அத்தனை முறை சேரும், அதில் மட்டும் கவனம்.

மேக்ரோவைத் தினமும் கையால் ஓட்ட வேண்டாம் என்றால், பயனர் கோப்புறைக்குள் இருக்கும் 'மாட்' என்ற இடத்தில் ஒரு சிறு கோப்புறை உருவாக்கி, அதில் 'இனிட்ஜியூஐ' என்ற பைதான் கோப்பை வையுங்கள். ஃப்ரீகேட் தொடங்கும்போது அதை ஓட்டிவிடும். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பிலேயே ஃபங்ஷன்களை எழுதினால், பின்னால் சிக்னல் வரும்போது 'இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை' என்று பிழை வரும். ஃப்ரீகேட் அந்தக் கோப்பை வழக்கமான மாட்யூலாக இறக்குமதி செய்வதில்லை, உள்ளிருப்பதை எடுத்து ஓட்டிவிட்டு விட்டுவிடுகிறது. ஃபங்ஷன்களை வேறொரு கோப்பில் எழுதி, இனிட்ஜியூஐயில் அதை இம்போர்ட் மட்டும் செய்யுங்கள். மேலும், க்யூட்டைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைசைடை இம்போர்ட் செய்யும்போது 'பைசைட்2' என்று எண் போடாமல் வெறும் 'பைசைட்' என்றே எழுதுங்கள். க்யூட்டின் 5ஆம் பதிப்போடு வந்தாலும் 6ஆம் பதிப்போடு வந்தாலும் சரியானதை ஃப்ரீகேடே எடுத்துக்கொள்ளும்.

ஏதாவது குழம்பினால் பயப்பட வேண்டாம். அந்தச் சிறு கோப்புறையை 'மாட்'டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு ஃப்ரீகேடை மூடித் திறங்கள், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடாது. வரைந்த கோப்புகளை இது எதுவும் தொடுவதில்லை. எங்கள் அண்ணன் இப்போது ஈக்வலைத் தேடிப்பிடிக்க என்னைக் கூப்பிடுவதில்லை. அடுத்ததாக டிரில் ஜிக் ஒன்றைத் தானே வரைந்துகொண்டிருக்கிறார்.