படித்தது மனதில் நிற்கவில்லை என்கிறாரா மாமியார்?

கேள்வி: என் மாமியாருக்கு 73 வயது. வாரப் பத்திரிகை வந்தால் தொடர்கதையை முடித்துவிட்டுத்தான் அடுப்பங்கரைக்கே போவார். கொஞ்ச நாளாக இரண்டு பக்கம் தாண்டுவதில்லை, "படிச்சது மனசுல நிக்கலை" என்கிறார். படிப்பது மறதியைத் தடுக்கும் என்கிறார்களே, என்ன புத்தகம் வாங்கித் தரலாம்? தினம் எவ்வளவு நேரம் படிக்க வைக்கலாம்? - வாசகி, ஈரோடு

பதில்: புத்தகம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஆயுசு முழுக்கப் படித்தவர் படிப்பதை விட்டால், நான் முதலில் சந்தேகப்படுவது மூளையை அல்ல, கண்ணைத்தான். கடைசியாக எப்போது கண்ணாடி மாற்றினார்? அல்லது நடைபாதைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கிய ரெடிமேட் கண்ணாடியா? கண்புரை இருந்தால் தலைப்புச் செய்தி தெரியும், கீழே இருக்கும் பொடி எழுத்து மங்கும். அது 'ன'வா 'ண'வா என்று சுழி எண்ணிப் படிப்பதிலேயே கவனம் எல்லாம் போய்விட்டால் கதை எப்படி மனதில் நிற்கும்? கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, மாமியார் உட்காரும் இடத்தில் நல்ல வெளிச்சம் விழ ஒரு மேசை விளக்கும் வைத்துக் கொடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்று சொல்ல ஆசைதான், அப்படிச் சொல்லிவிட முடியாது, ஆனால் இதைச் செய்யாமல் மற்றதைச் செய்வதில் அர்த்தமில்லை.

கூடவே வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கும் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம், குறைந்தால் மறதி வரலாம், சீக்கிரம் கவனித்தால் சரியாகவும் வாய்ப்பு உண்டு. மனச்சோர்வும் இப்படித்தான், வெளியே பார்க்க மறதி மாதிரியே இருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். படித்தால் மறதி நோய் வராது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படிப்பவர்கள், பலகை விளையாட்டு ஆடுபவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனமாடுபவர்கள் ஆகியோருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தது குறைவாக இருந்தது. ஆனால் மூளை தளர ஆரம்பித்தவர்கள் படிப்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்வதும் உண்டு, அதனால் எது காரணம், எது விளைவு என்று முழுசாகப் பிரிக்க முடியாது. படிப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை, லாபம் இருக்கலாம், அவ்வளவுதான் நான் சொல்வேன். சுடோகு புத்தகத்தை வாங்கி அவர் கையில் திணிக்காதீர்கள். அமெரிக்காவில் 2,832 முதியவர்களிடம் நடத்திய 'ஆக்டிவ்' ஆய்வில், எதில் பயிற்சி கொடுத்தார்களோ பெரும்பாலும் அதில்தான் முன்னேற்றம் தெரிந்தது, மற்றதுக்கு அது பெரிதாகப் பரவவில்லை.

என் அனுபவத்தில், தனியாக உட்கார்ந்து நூறு பக்கம் புரட்டுவதைவிட ஒரு பக்கம் படித்து அதை இன்னொருவரிடம் சொல்வதுதான் நல்ல வேலை. சொல்ல வேண்டும் என்றால் படித்ததை மறுபடி நினைவில் தேட வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும், வார்த்தை பிடிக்க வேண்டும். காலையில் டிபன் முடிந்ததும் பேப்பரை அவரிடம் கொடுத்து, "அத்தே, எனக்குக் கை வேலையா இருக்கு, அந்த மஞ்சள் விலை நியூஸைச் சத்தமாப் படிங்களேன்" என்று கேளுங்கள். படித்து முடித்ததும் "குவிண்டால் எவ்வளவு போட்டிருந்துச்சு?" என்று பரீட்சை வைக்காதீர்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்திலேயே மறுநாள் பேப்பரைத் தொட மாட்டார். "இந்த விலைக்கு இப்ப வித்துடலாமா, இல்லை வெச்சிருக்கலாமா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் விலையையும் யோசிப்பார், போன வருஷத்தையும் இழுப்பார், உங்களோடு சண்டைக்கும் வருவார். அதுதான் வேண்டும்.

புத்தகம் என்றால் ஐந்து பாக சரித்திர நாவலில் ஆரம்பிக்காதீர்கள். ஒரே மூச்சில் முடியும் சிறுகதை, அல்லது ஏற்கெனவே படித்து ரசித்த பழைய கதை. தொடர்கதையையே விரும்பினால் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு சீட்டில் அவரே எழுதிப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதுச் சமையல் குறிப்பு ஒன்றைப் படித்து அதன்படியே செய்வதும் படிப்புதான். நேரம் அரை மணி போதும், அவரே கேட்டால் தாராளமாக அதிகம்.

உங்கள் ஊர்ப்பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் நிறைய. மாமியாரும் அப்படியென்றால் அந்தப் பேச்சை விடாதீர்கள். ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது.

கேட்ட கேள்வியையே பத்து நிமிஷத்தில் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, தினம் வைக்கும் குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று நிற்பது, சில்லறைக் கணக்கில் குழம்புவது, இவற்றில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். என்ன நடந்தது, எப்போது என்று முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மாமியார் ரொம்பத் தெளிவாகப் பேசிவிடுவார்.