காலேஜ் ஹாஸ்டல்ல இடம் கிடைக்கலைன்னா சேலத்துல லாட்ஜ்ல தங்கிப் படிக்க முடியுமா?

முடியுங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம்னா தாராளமா சமாளிக்கலாம், ஆனா நாலு வருஷத்தையும் லாட்ஜ்லயே ஓட்டிடலாம்னு நினைச்சீங்கன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன். பையனுக்கு கவுன்சிலிங்ல சேலத்துல இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருச்சு, ஹாஸ்டல்ல வெயிட்டிங் லிஸ்ட்னு சொல்லிட்டாங்க, அமெரிக்கால எல்லாம் ஹாஸ்டல் பத்தாம பசங்கள ஹோட்டல்ல தங்க வைக்கிறாங்களாமே, இங்கயும் அப்படி செய்யலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் புது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல மேனேஜரா இருக்கேன். வருஷா வருஷம் ஆடி கடைசில, ஆவணில, சூட்கேஸ் பக்கெட் தலகாணியோட அப்பாவும் பையனும் வந்து கவுண்டர்ல நிக்கறத பாத்துட்டேதான் இருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அமெரிக்கா விஷயம் உண்மைதான். கலிபோர்னியால சாண்டா பார்பரா ஊர்ல இருக்கற யுனிவர்சிட்டி 2021ல இடம் பத்தாம பக்கத்து ஹோட்டல்கள்ல ரூம் எடுத்து மாணவர்களை தங்க வெச்சுது. இதுல நீங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, ரூம் எடுத்தது யுனிவர்சிட்டி. ஹோட்டல்காரனோட பேசினது, காசு பேசினது, எத்தனை மாசம்னு எழுதி வாங்கினது எல்லாம் அவங்க. நம்ம ஊர்ல அப்படி இல்ல, ஹாஸ்டல் ஃபுல்லுன்னு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா அதோட அவங்க வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் தருமபுரில இருந்தோ கள்ளக்குறிச்சில இருந்தோ வந்த அப்பாதான் பஸ் ஸ்டாண்டை சுத்தி லாட்ஜ் லாட்ஜா ஏறி எறங்கணும். ரூம் அந்தப் பையன் பேர்ல இருக்கும், அதனால எது வந்தாலும் அவன் தலைலதான் விழும். நான் பாத்த வரைக்கும் எல்லா பிரச்சனைக்கும் மூலம் இதுதான்.

லாட்ஜ்ங்கறது தினக் கணக்குல ஓடற தொழில். அத புரிஞ்சுக்கிட்டா மத்தது தானா புரிஞ்சுடும். ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு டல் சீசன். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே களைகட்டும்தான், ஆனா வர்ற கூட்டம் பூராவும் சொந்தக்காரங்க வீட்டுலதான் தங்கும், லாட்ஜுக்கு வராது. அந்த நேரத்துல மாச வாடகைக்கு வேணும்னு நாலு பசங்க வந்தா எந்த ஓனரும் சந்தோஷமா குடுப்பாரு, ரேட்டும் நல்லாவே குறைப்பாரு. அப்பறம் ஆவணி பொறந்ததும் முகூர்த்தம் ஆரம்பிச்சிரும். மாப்பிள்ளை வீட்டுக்கு பத்து ரூம், பொண்ணு வீட்டுக்கு எட்டு ரூம்னு மண்டபத்துல இருந்து போன் வரும், முழு வாடகைக்கு. அப்பதான் மாசக் கணக்குல தங்கியிருக்கற பசங்க ஓனர் கண்ணுக்கு நஷ்டமா தெரிய ஆரம்பிப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் தொடங்கறதும் முகூர்த்தம் தொடங்கறதும் ஒரே சமயத்துல வர்றதுதான் இதுல பெரிய கொடுமை.

நான் முன்னாடி வேலை பாத்த லாட்ஜ்ல நடந்தது. ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மூணாவது மாடி முழுக்க கல்யாண வீட்டுக்கு வேணும்னு ஓனர் சொல்லிட்டாரு. அங்க ஒரு ரூம்ல மூணு பசங்க, கருப்பூர் பக்கம் காலேஜ். சாமானை ஸ்டோர் ரூம்ல வெச்சுட்டு ரெண்டு ராத்திரி வேற எங்கயாவது பாத்துக்கங்க, அந்த ரெண்டு நாள் வாடகைய கழிச்சுக்கறேன்னாரு. பசங்க எதுத்து ஒரு வார்த்தை பேசல, அந்த வயசுல ஊரு புதுசு ஆளு புதுசு, என்னன்னு பேசுவாங்க? ஒருத்தனுக்கு மட்டும் கண்ணு கலங்கிருச்சு, மறுநாள் காலைல அவனுக்கு முதல் இன்டர்னல் டெஸ்ட். "அண்ணா, நோட்டு மட்டும் எடுத்துக்கறேன், ஸ்டோர் ரூம் சாவி ராத்திரி உங்ககிட்ட இருக்குமா?"ன்னு கேட்டான். நானும் ஓனர்கிட்ட பேசிப் பாத்தேன், ஒரு ரூமுக்காக கல்யாண பார்ட்டிய விட முடியாதுன்னுட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஸ்டாஃப் ரூம்ல எங்க ரூம் பாய் பக்கத்துல பாய விரிச்சு படுத்தான் அந்தப் பையன், மத்த ரெண்டு பேரு சூரமங்கலத்துல சீனியர் ரூமுக்கு போயிட்டாங்க. அத நினைச்சா இப்பவும் எனக்கு ஆத்திரமா வருது, ஓனர் மேலன்னு இல்ல, அவருக்கு அது பொழப்பு. அந்தப் பையனோட சீட்டுக்கு ஃபீஸ் வாங்கின காலேஜ்ல இருந்து ஒருத்தர்கூட அவன் எங்க படுக்கறான்னு கேக்கல பாருங்க, அதுதான்.

அதனால நீங்க லாட்ஜ்தான்னு முடிவு பண்ணா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே, முகூர்த்த நாள்ல ரூமை காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி ஓனர் கையெழுத்து வாங்கிடுங்க. மேனேஜர் கையெழுத்து பத்தாது, நானே சொல்றேன், எங்க பேச்சு ஓனர் முன்னாடி நிக்காது. எத்தனை பேரு தங்கறாங்க, மாசம் எவ்வளவு, கரண்ட் சேர்த்தா சேர்க்காமயா, எந்தத் தேதி வரைக்கும்னு அதுலயே இருக்கட்டும். ஜிஎஸ்டி பில் போடற லாட்ஜா இருந்தா இன்னொன்னும் கேளுங்க. சாதாரணமா ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள்ள இருக்கற ரூமுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம் வரி, அதுக்கு முன்னாடி 12 இருந்துச்சு. ஆனா தொடர்ந்து 90 நாளாவது தங்கி, ஆளுக்கு மாசம் 20,000க்குள்ள வாடகைன்னா வரியே கிடையாதுன்னு 2024 ஜூலைல இருந்து விதி இருக்கு. இது நிறைய லாட்ஜ்காரங்களுக்கே தெரியாது, தெரிஞ்சாலும் அவங்களா சொல்ல மாட்டாங்க.

ரூம் பாக்கறப்ப கட்டில் மெத்தை ஏசி எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல மேஜை இருக்கான்னு பாருங்க. லாட்ஜ் ரூம்ங்கறது ராத்திரி வந்து தூங்கிட்டு காலைல குளிச்சுட்டு கிளம்பறவங்களுக்காக கட்டினது. டிவி வைக்க ஒரு ஸ்டாண்டு இருக்கும், கண்ணாடிக்கு கீழ சீப்பு வைக்க ஒரு பலகை இருக்கும், உக்காந்து எழுத ஒண்ணும் இருக்காது. இப்ப நான் இருக்கற இடத்துல ஒரு பையன் டிராயிங் ஷீட்ட கட்டில் மேல விரிச்சு, தரைல முட்டி போட்டு உக்காந்து மினி டிராஃப்டர்ங்கற கோடு போடற கருவிய வெச்சு வரைஞ்சுட்டு இருந்தான். மெத்தை அமுங்கி அமுங்கி ஒரு கோடும் நேரா வரல, அழிச்சு அழிச்சு பேப்பரே கிழியற நிலைமைக்கு வந்துருச்சு. கீழ மூடிக் கெடந்த எங்க பழைய ரெஸ்டாரன்ட்ல இருந்து ஒரு சாப்பாட்டு மேஜைய தூக்கிட்டு வந்து அவன் ரூம்ல போட்டோம், அன்னிக்கு ராத்திரியே மூணு ஷீட்ட முடிச்சுட்டான். பக்கத்து ரூம் பசங்களும் அந்த மேஜைக்கு முறை போட்டு வர ஆரம்பிச்சாங்க. ஒரு மேஜை, ஒரு டியூப் லைட்டு, லேப்டாப்புக்கு ஒரு பிளக் பாயின்ட், இதக் கேட்டு வாங்கினா போதும், பெரும்பாலான லாட்ஜ்ல போட்டுத் தருவாங்க, யாரும் கேக்கறதில்ல அவ்வளவுதான்.

ஜன்னலும் பாருங்க. ரேட் கம்மின்னு நடுவுல இருக்கற ரூமத் தள்ளி விடுவாங்க, ஜன்னலத் திறந்தா பைப் போற சந்துதான் தெரியும், பகல்லயும் லைட்டு போடணும். சாண்டா பார்பரா யுனிவர்சிட்டி பத்தி மேல சொன்னேன் இல்ல, அங்கயே 4,500 பேருக்கு ஒரு பெரிய ஹாஸ்டல் கட்டறதா பிளான் போட்டாங்க, அதுல பெரும்பாலான ரூமுக்கு ஜன்னலே கிடையாது. ஊரே எதுத்துச்சு, அந்த டிசைனை பாத்த கமிட்டில இருந்த ஒரு ஆர்க்கிடெக்ட் 2021ல ராஜினாமாவே பண்ணாரு, கடைசில 2023ல அந்தத் திட்டத்த கைவிட்டாங்க. ரெண்டு நாள் தங்கறவருக்கு ஜன்னல் ஒரு பொருட்டில்ல, செமஸ்டர் முழுக்க தங்கற பையனுக்கு அது ரொம்ப முக்கியம்.

சாப்பாடுதான் அடுத்த செலவு, வாடகையவிட இதுதான் ஆளக் கவுக்கும். லாட்ஜ்ல சமைக்கக் கூடாது, இன்டக்‌ஷன் ஸ்டவ் போட்டா லைன் ட்ரிப் ஆகும், கண்டுபிடிச்சா எடுத்துக்குவாங்க. மூணு வேளையும் வெளியதான். முதல் வாரம் பசங்களுக்கு ஜாலியா இருக்கும், சாயந்திரம் தட்டுவடை செட்டு, ராத்திரி பரோட்டான்னு போகும். மாசக் கடைசில காசு தீந்துபோய் தட்டுவடை செட்டையே ராத்திரி சாப்பாடா முடிச்சுக்கறவங்களையும் பாத்திருக்கேன். வந்த முதல் நாளே பக்கத்துல வீட்டுச் சாப்பாடு மெஸ் எதுன்னு விசாரிச்சு மாச டோக்கன் வாங்கிக் குடுத்துடுங்க, கைல காசா குடுக்காதீங்க. தண்ணியும் அப்படித்தான், பாத்ரூம்ல வர்றது பல இடத்துல போர் தண்ணி, உப்பு. குடிக்க கேன் தண்ணி தனியா சொல்லிடணும்.

வயசு ஒரு முக்கியமான விஷயம். ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிறைய பேருக்கு இன்னும் 18 முடிஞ்சிருக்காது. தனியா வந்து ஆதார நீட்டுனா நாங்க ரூம் குடுக்க மாட்டோம், ராத்திரி போலீஸ் செக்கிங் வந்தா லெட்ஜரத்தான் முதல்ல கேப்பாங்க. அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து அவங்க பேர்ல எழுதி, இங்கதான் படிக்கறான்னு காலேஜ்ல இருந்து போனபைடு சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா பிரச்சனை இல்ல.

பொண்ணுங்கன்னா என் பதில் வேற. லாட்ஜ் வேண்டாம், ஒரு வாரத்துக்குக்கூட. கல்யாண பார்ட்டி, சேல்ஸ் ஆளுங்க, பஸ்ஸ தவறவிட்டவங்கன்னு தினம் தினம் புது ஆளுங்க வந்து போற இடம் இது. லேடீஸ் ஹாஸ்டலுக்குன்னு தமிழ்நாட்டுல 2014லயே தனிச் சட்டம் வந்துருச்சு, லைசென்ஸ் வேணும், வார்டன் வேணும், கேமரா, ரிஜிஸ்டர்னு எல்லாம் இருக்கு. லைசென்ஸ் காப்பிய காட்டச் சொல்லிப் பாத்துட்டு அங்க சேருங்க. லாட்ஜ்ல அந்த மாதிரி எந்தப் பொறுப்பும் எங்களுக்கு கிடையாது, அத மறைச்சுப் பேச எனக்கு மனசு வரல.

இதெல்லாம் போக, லாட்ஜுக்கு வர்றதுக்கு முன்னாடி கண்டிப்பா பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க பையன் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட் வாங்கியிருந்தா, காலேஜ் ஃபீஸ் மட்டுமில்ல ஹாஸ்டல் ஃபீஸும் அரசாங்கமே கட்டும், 2021ல இருந்து அப்படித்தான். லாட்ஜ் வாடகைய யாரும் கட்ட மாட்டாங்க. அந்தப் பையன் ஹாஸ்டல் இல்லாம வெளிய தங்கினா அவன் குடும்பத்துக்கு முழு நஷ்டம். அதனால அந்தக் கோட்டாவுல வந்தவங்க வெயிட்டிங் லிஸ்ட்ங்கற பதில ஏத்துக்கிட்டு திரும்பி வராதீங்க, பிரின்சிபால பாத்து எழுத்துல மனு குடுங்க. பிசி, எம்பிசி, ஆதிதிராவிடர் ஹாஸ்டலும் இருக்கு, 2025 ஜூலைல சமூகநீதி விடுதின்னு பேர் மாத்தினாங்களே, அதுதான். தங்கறதும் சாப்பாடும் இலவசம். பிசி எம்பிசி ஹாஸ்டல்ல வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோமீட்டராவது இருக்கணும்னு விதி, பொண்ணுங்களுக்கு அந்த தூரக் கணக்கு இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சா எங்க இடம் இருக்குன்னு சொல்லுவாங்க. எங்ககிட்ட மாசக் கணக்குல காசு கட்டின சில குடும்பங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாம இருந்துச்சு.

காலேஜ்கள பத்தியும் சொல்லிடறேன். சீட்டு எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்ப, இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் அனுமதி குடுக்கற ஏஐசிடிஇ 2024-25ல இருந்து எடுத்துருச்சு, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல செக்‌ஷன் மேல செக்‌ஷன் தொறக்கறாங்க. கிளாஸ் ரூம் கட்டறாங்க, ஹாஸ்டல் அதே பழைய ஹாஸ்டல். சரி, கட்ட நாளாகும், ஒத்துக்கறேன். அதுவரைக்கும் காலேஜே ஒரு லாட்ஜ்ல ஒரு மாடிய ஆறு மாசத்துக்கு மொத்தமா எடுக்கலாமே? ஒரு வார்டன போட்டு, காலேஜ் பஸ்ஸ அங்க வரைக்கும் விட்டா முடிஞ்சுது. எங்க மாதிரி லாட்ஜுக்கு மொத்தமா ஆறு மாச காசு வர்றதுன்னா முகூர்த்தத்த பத்தி கவலையே இல்ல, ஓனருங்க சந்தோஷமா ஒத்துக்குவாங்க. காலேஜ்களுக்கு விதி போடற மத்திய அமைப்பு யுஜிசி, அதோட 2009 ராகிங் தடுப்பு விதில கேம்பஸுக்கு வெளிய இருக்கற தங்குற இடமும் வருது, அப்ப வெளிய தங்கற பையன் மேல காலேஜுக்கு பொறுப்பு இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. ஹாஸ்டல் இல்லன்னு சொன்ன ஆபீஸ்ல நீங்களும் இன்னும் நாலு பேரன்ட்ஸும் சேந்து போய் இதக் கேளுங்க. தனியா கேட்டா அனுப்பிடுவாங்க, பத்து பேரா போனா உக்கார வெச்சுப் பேசுவாங்க.

கடைசியா, வெயிட்டிங் லிஸ்ட்ட விட்டுடாதீங்க. எம்பிபிஎஸ் கவுன்சிலிங் ரவுண்டு ஒவ்வொண்ணும் முடிய முடிய இன்ஜினியரிங்ல சேந்த பசங்க கொஞ்சம் பேரு மெடிக்கலுக்கு போவாங்க, சிலருக்கு ஊர் ஒத்துக்காம டிசி வாங்கிட்டுப் போவாங்க, அந்த பெட்டெல்லாம் காலியாகும். ஆனா போன் பண்ணி கூப்பிட மாட்டாங்க, முன்னாடி நிக்கறவனுக்குத்தான் கிடைக்கும். வாரா வாரம் திங்கக்கிழமை காலைல பையன ஹாஸ்டல் ஆபீஸுக்கு போய் கேக்கச் சொல்லுங்க. எங்க லாட்ஜ்ல இருந்த பசங்க பல பேரு தீபாவளிக்குள்ள அப்படித்தான் ஹாஸ்டலுக்கு மாறினாங்க. அதனால லாட்ஜ்ல மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் கட்டாதீங்க, நடுவுல காலி பண்ணா மீதிய திருப்பித் தரணும்னு அந்தத் தாள்லயே எழுதி வாங்கிக்கங்க.