உப்புத் தண்ணீருக்கு எந்த வாட்ச்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் வேலை. உப்புத் தண்ணீரில் கை நனையாத நாளே இல்லை. 25,000 ரூபாய்க்குள் ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் வாங்க ஆசை. எனக்கு சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் பிடித்திருக்கிறது, நண்பர் ஓரியண்ட் காமசு என்கிறார். குட்டையில் இடுப்பளவுதான் தண்ணீர், 200 மீட்டர் வரை தண்ணீர் புகாத வாட்ச் எல்லாம் எதற்கு?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 என்ற பழைய மாடல் அசல் டைவர், 200 மீட்டர், சாவியை (நேரம் திருத்தப் பக்கத்தில் இருக்கும் குமிழ்) திருகி மூடலாம். 2019-ல் அந்த இடத்துக்கு வந்த 5 ஸ்போர்ட்ஸ் பார்க்க அப்படியே இருந்தாலும் 100 மீட்டர்தான், சாவி திருகு மூடி கிடையாது, சும்மா இழுத்தாலே வெளியே வரும். நீந்துவதற்கு 100 மீட்டரே தாராளம், ஆனால் வலைக்கயிறு மாட்டி சாவி கொஞ்சம் இழுபட்டுவிட்டால் 100 என்ன, 200 என்ன, தண்ணீர் உள்ளே போய்விடும். தஞ்சாவூர் புதாற்றில் குளிக்கும்போது சாவியைச் சரியாக மூடாமல் இறங்கி, கரையேறிப் பார்த்தால் கண்ணாடிக்குள் ஆவி கட்டியிருந்தது எனக்கு. அந்த வாட்சை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. அதனால் மீட்டர் கணக்கைவிட முதலில் சாவியைப் பாருங்கள்.

காமசுவில் திருகு சாவி, 200 மீட்டர், கீறல் எளிதில் விழாத சபையர் கண்ணாடி மூன்றும் உண்டு. சிட்டிசன் புரோமாஸ்டர் என்ஒய்0040 உங்கள் தொகைக்குள் கிடைத்தால் அதையும் கையில் கட்டிப் பாருங்கள், சாவி 8 மணிப் பக்கம் இருப்பதால் இடது மணிக்கட்டில் குத்தாது.

தோல் ஸ்ட்ராப் வேண்டவே வேண்டாம், ரப்பர் போதும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அப்போதே கண்ணாடியைச் சுற்றி நேரம் குறிக்க இருக்கும் மேல் வளையத்தையும் இரண்டு சுற்று திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் உப்பும் சேறும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். (அந்த வளையம் ஒரு பக்கமாக மட்டும் சுற்றுவது முழுகுபவரின் உயிருக்காக. தெரியாமல் இடிபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், அவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார்.) ஈரக் கையோடு சாவியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்களை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, பிரஷர் டெஸ்ட்டும் கேளுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை கழற்றி வைக்கும் ஆட்டோமேட்டிக் வாட்ச் திங்கள் காலை நின்றுபோகிறது. பழுதா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பழுதில்லை. கை அசைவில்தான் அதற்கு முறுக்கேறுகிறது. இந்த விலையில் வரும் பெரும்பாலான வாட்சுகள் முழு முறுக்கில் 40 மணி நேரம் போல ஓடும். சனி மாலை 6 மணிக்குக் கழற்றினால் திங்கள் காலை 10 மணி வரை, அதுவும் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்றால் அவ்வளவுகூட ஏறியிருக்காது. ஞாயிறும் கட்டிக்கொள்ளுங்கள்.