சார்ஸ் அடங்கியது; கோவிட் ஏன் அடங்கவில்லை?

கேள்வி: 2003-இல் சார்ஸ் என்னும் கடும் சுவாச நோயைச் சில மாதங்களிலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த கோவிட் வைரஸை ஏன் அப்படித் தடுக்க முடியவில்லை?

பதில்: நோய் கண்டவர் எந்தக் கட்டத்தில் அதைப் பிறருக்குத் தொற்றவைக்கிறார் என்பதே இதில் முக்கியம். சார்ஸ் கண்டவர் காய்ச்சல் தொடங்கிய பிறகே, அதிலும் இரண்டாவது வாரத்தில்தான், நோயை அதிகமாகப் பரப்பினார். அதற்குள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்துவிட்டிருப்பார் என்பதால், அவரைத் தனிமைப்படுத்தி, அவரோடு பழகியவர்களைக் கண்காணித்தே பரவலைத் தடுக்க முடிந்தது. (செவிலியர்களும் மருத்துவர்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டதும் இதனால்தான், அவர்கள் கொடுத்த விலையை நாம் மறந்துவிடக் கூடாது.) 8,000-க்குச் சற்று அதிகமானோரைத் தாக்கி, 774 உயிர்களைப் பறித்த பின், 2003 ஜூலையில் அந்தச் சங்கிலி அறுந்தது.

கோவிட் தொற்றியவரோ, தொண்டை கரகரப்பதற்கு ஓரிரு நாள் முன்பே, அருகில் அமர்ந்து பேசும்போதே வைரஸைப் பரப்புகிறார். சிலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. வாசலில் நிறுத்தி, நெற்றிக்கு நேராக வெப்பமானியைப் பிடித்து இவர்களைக் கண்டுபிடிக்க இயலாது.

தடுக்கும் வழி, நோய் பரவும் விதத்தைப் பொறுத்தது என்பதற்கு எபோலா என்னும் கொடிய காய்ச்சல் இன்னோர் எடுத்துக்காட்டு; அதன் தன்மை இவ்விரண்டிலிருந்தும் வேறு. உடல் திரவங்கள் வழியே பரவும் அந்நோயில் இறந்தவரின் உடலும் தொற்றைக் கடத்தும் என்பதால், உறவினரின் மனம் நோகாமல் பாதுகாப்பாக அடக்கம் செய்வதும் தடுப்புப் பணியின் முக்கியப் பகுதியாகிறது.