படி இறங்கவே பயமாக இருக்கிறது

வணக்கம் அக்கா. நான் தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சிசேரியன். பாப்பாவுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா விடியறதுக்குள்ளே காசிமேடு போய் பால் சுறா வாங்கி வந்து புட்டு செய்து தருகிறாள், பூண்டுக் குழம்பு, லேகியம் எல்லாம் உண்டு. தண்ணீர் கேட்டால் மட்டும் அரை டம்ளருக்கு மேல் கிடையாது, தையல் சீழ் பிடிக்குமாம்.

பாப்பா தூங்கும்போது நீயும் தூங்கு என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதே இல்லை. மூக்குக்கிட்ட விரல் வைத்து மூச்சு வருதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கப் போகும்போது குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. வீடு மாடியில், படி ரொம்பக் குறுகல். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படிகிட்ட வந்தாலே அவள் கை நழுவி உருண்டு விழுவது மாதிரி கண் முன்னாடி ஓடுகிறது. சில சமயம் நானே போட்டுவிடுவேனோ என்றுகூட. எழுதவே கை கூசுகிறது. அதனால் கீழே போக வேண்டுமென்றால் அம்மாவைத்தான் தூக்கச் சொல்வேன், பெத்த பிள்ளையைத் தூக்க உனக்கு என்ன சோம்பல் என்று திட்டுகிறாள்.

அடுத்த மாதம் திருவொற்றியூருக்கு, அத்தை வீட்டுக்குப் போக நாள் பார்த்துவிட்டார்கள். அங்கே கீழே அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தில் மாடிக்கு ஏற்ற வேண்டும். அவருக்கு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. போன் செய்தால் முதல் கேள்வியே பாப்பா பால் குடிச்சாளா என்பதுதான். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா அக்கா?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

ஆலோசகர் பதில்:

இல்லைம்மா. அந்தப் படி விஷயத்தையே முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

குழந்தை கை நழுவி விழுவது, தண்ணீரில் மூழ்குவது, மூச்சு நின்றுபோவது என்று கேட்காமலேயே காட்சிகள் மனதில் பாய்வது புதிதாகப் பிள்ளை பெற்ற பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற நினைப்பும் பலருக்கு வரும், வெளியே சொல்லத்தான் மாட்டார்கள், சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். அந்த நினைப்பு வந்ததும் நீங்கள் நடுங்கிப்போய்ப் படியையே தவிர்க்கிறீர்கள் பாருங்கள், அது உங்கள் ஆசை இல்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? தூக்கம் கெட்ட மூளை ஆபத்து எங்கே எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் படியைத் தவிர்க்கத் தவிர்க்க பயம் கூடும். அம்மா பின்னால் வர, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நீங்களே பாப்பாவோடு இறங்குங்கள்.

பயப்பட வேண்டிய நிலை வேறு. குரல்கள் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்று உறுதியாக நம்புவது, குழந்தை போய்விட்டால் அதற்கே நல்லது என்று தோன்றி அது சரியென்றும் படுவது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே. அப்படி ஏதாவது என்றாலும், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

உங்களுடையது அது இல்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடக்கூடியதும் இல்லை. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் அழுகை வருவது ஹார்மோன் சட்டென்று இறங்குவதால், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இரண்டு மாதம் கழித்தும் அழுகை, பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் இல்லை என்றால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பாப்பாவுக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் போவீர்கள், அதே நாளில் உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள், 1987ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது, பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். கூடவே ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே ஆளை இப்படிப் போட்டுப் பார்க்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை எழுதினால் பால் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. வாயால் சொல்ல வராவிட்டால் எனக்கு எழுதியதை அப்படியே போனில் காட்டுங்கள். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

தூக்கத்துக்கு என் யோசனை: ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு நீங்கள் வேறு இடத்தில் படுங்கள். பசித்து அழுதால் மட்டும் அம்மா கொண்டு வரட்டும், இல்லை பாலைப் பீய்ச்சி பிரிட்ஜில் வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். மூச்சைப் பார்க்கிற வேலை அந்த நேரத்துக்கு அம்மாவுடையது. தூக்கம் வராவிட்டாலும் எழுந்து போய்ப் பார்க்காமல் படுத்தே கிடங்கள். நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாலே மறுநாள் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வது தவறு. தண்ணீரால் தையல் சீழ் பிடிக்காது. பால் கொடுப்பவர் தாகத்துக்குக் குடிக்காவிட்டால் மலச்சிக்கல், மூத்திர எரிச்சல், முக்கி முக்கி வயிறு வலிப்பதுதான் மிச்சம். அவரோடு சண்டை வேண்டாம், தடுப்பூசி போடும் நர்ஸ் வாயால் சொல்ல வையுங்கள், கேட்பார். பால் சுறா புட்டு தொடரட்டும், அதில் எனக்குப் பொறாமைதான்.

அந்த அடிபம்பு. வயிற்றை அறுத்துத் தைத்த பெண் இவ்வளவு சீக்கிரம் குடம் ஏற்றக் கூடாது, டாக்டர் வயிற்றைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தொட வேண்டும், அதுவும் பக்கெட்டில் பாதியாக. நாள் குறித்துவிட்டார்கள் என்பதெல்லாம் மாற்ற முடியாத விஷயம் இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரர் வாயால் அவர் அம்மாவிடம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் வேலைக்குப் பயந்துகொண்டு வரவில்லை என்பார்கள். அவருக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: நான் நல்லா இல்லை, என்கூட டாக்டர்கிட்ட வாங்க, ஒரு மாசம் கழிச்சு வர்றேன், வந்தா தண்ணி நீங்கதான் ஏத்தணும். பாப்பாவைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவருக்கு உங்களைப் பற்றிக் கேட்க யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பல வீடுகளில் இதுதான் கதை. தலையாட்டிவிட்டுப் படுத்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்து அத்தையிடம் எப்படிப் பேசுவது என்று பார்ப்போம்.