கோடு பழகலாம்: எக்ஸர்சிஸத்துக்குக் கை கொடுக்க விரும்புகிறவர்களுக்கு

நிரலாக்கம் பழக எக்ஸர்சிஸம் தளம் நல்லது என்று சென்ற இதழில் ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பல அதைப் பற்றியே. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு: 2013-இல் கத்ரீனா ஓவன் தொடங்கியது இது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு, இலவசம், எழுபதுக்கும் மேற்பட்ட நிரல்மொழிகளில் பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனையும், கோடு வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: திறமூலத் (ஓபன் சோர்ஸ்) திட்டம் ஒன்றில் பங்களித்திருந்தால் வேலை கிடைப்பது சுலபம் என்கிறார்கள். எனக்குப் பைதான் ஓரளவு தெரியும். எக்ஸர்சிஸத்தில் ஒரு புதுப் பயிற்சி எழுதிச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் பைதான் டிராக்கில் (அந்த மொழிக்கான பயிற்சித் தொகுப்பில்) நிறையப் பயிற்சிகளைப் போட்டுப் பாருங்கள். போடும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதி வையுங்கள். கேள்வி புரியாமல் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்ததா? உங்கள் கோடு சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் தோற்றபோது வந்த செய்தி, எது தப்பு என்று காட்டாமல் குழப்பியதா? கேள்வியில் சொல்லாத ஒன்றை டெஸ்ட் எதிர்பார்த்ததா? உருப்படியான பங்களிப்புகள் இந்த இடங்களில்தான் பிறக்கின்றன.

பல வருடம் கோடு எழுதியவர்களுக்கு இந்தத் தடுமாற்றங்கள் கண்ணிலேயே படாது. மாலை வகுப்பில் பைதான் சொல்லித்தருகிறவள் என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்: எனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரு வாக்கியத்தில் மாணவர்கள் இடறி நிற்பார்கள். அந்த இடறல் புதிதாகப் படிக்கிறவருக்குத்தான் தெரியும். கொஞ்ச நாள் போனால் உங்களுக்கும் மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதி வையுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். புல் ரிக்வெஸ்ட் என்பது, என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கை. எண்ணிக்கைக்காக அதை அனுப்பினால் யாருக்கும் பயன் இல்லை. திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவித்து ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் 2020-இல், பரிசு டி-ஷர்ட்டுக்காக வந்து குவிந்த வெற்றுத் திருத்தங்களால், திட்டங்களைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் திணறிப்போனார்கள். அந்த மாதமே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தாலும் போதும். அது ஏன் தேவைப்பட்டது, மறுப்பு வந்தபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று நேர்காணலில் விவரிக்க முடிந்தால் அதுவே பெரிய விஷயம்.

மென்பொருள் ஊழியர், சென்னை: பைதான் டிராக்கில் ஒரு பயிற்சியின் விளக்கத்தில் பிழை கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினேன். மனிதர் யாரும் பார்க்கும் முன்பே தானியங்கி அதை மூடிவிட்டது. உதவி வேண்டாம் என்று அர்த்தமா?

இல்லை. மனம் தளர வேண்டாம். எக்ஸர்சிஸத்தின் பல ரெப்போக்களில் (கிட்ஹப்பில் கோடு இருக்கும் கிடங்குகளில்), முன்பேச்சு இல்லாமல் வரும் புல் ரிக்வெஸ்ட்டை அந்தத் தானியங்கி மூடிவிட்டு, முதலில் எக்ஸர்சிஸத்தின் விவாதப் பகுதியில் (ஃபோரம்) பேசுங்கள் என்று சொல்லும். அங்கே போய் இன்ன பிழை, இன்ன திருத்தம் என்று எழுதுங்கள். ஒப்புக்கொண்டால் உங்கள் ரிக்வெஸ்ட்டையே மறுபடி திறப்பார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொன்றும் பட்டது. நீங்கள் கைவைத்தது தவறான இடமாக இருக்கலாம். பெரும்பாலான பயிற்சிகளின் விளக்கம் பைதான் டிராக்கில் பிறப்பதே இல்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான தனி ரெப்போ ஒன்று இருக்கிறது. விளக்கமும் டெஸ்ட்டுகளின் பட்டியலும் அங்கேதான் உள்ளன. கான்ஃபிக்லெட் என்ற கருவியை வைத்து ஒவ்வொரு டிராக்கும் அங்கிருந்து பிரதி எடுத்துக்கொள்கிறது. பைதானில் மட்டும் திருத்தினால், அடுத்த முறை பிரதி எடுக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும், மற்ற மொழிகளில் பிழை அப்படியே இருக்கும். பொது ரெப்போவில் திருத்தினால், அந்தப் பயிற்சி இருக்கிற எல்லா மொழிக்கும் போய்ச் சேரும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், தஞ்சாவூர்: எனக்குக் கோடு எழுதுவதில் பெரிய பழக்கம் இல்லை. என்னால் ஆவது ஏதாவது உண்டா?

ஐயா, உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். டெஸ்ட் எழுதுவது கணக்கு வாத்தியார் வேலைதான்.

லீப் ஆண்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. 100-ஆல் வகுபட்டால் இல்லை. 400-ஆல் வகுபட்டால் மறுபடியும் லீப் ஆண்டு. இதற்கு நாலு டெஸ்ட் போதும் என்று தோன்றும். பொதுப் பட்டியலில் ஒன்பது இருக்கின்றன: 2015, 1970, 1996, 1960, 2100, 1900, 2000, 2400, 1800.

1800 எதற்கு? ஒரு மாணவர் 400-க்குப் பதில் 200 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். 2000, 2400 இரண்டும் 200-ஆல் வகுபடும், விடை சரியாகவே வரும். 1900, 2100 வகுபடாது, அங்கேயும் சரி. மற்ற எட்டு டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிடும். 1800 மட்டும்தான் அந்தத் தவறைப் பிடிக்கிறது. அதேபோல 1970, இரண்டால் வகுபட்டாலே போதும் என்று நினைத்தவரைப் பிடிக்கும். இன்னொருவர் 400-க்குப் பதில் 125 என்று எழுதிவிட்டால்? 2000 எண் 125-ஆலும் வகுபடும், ஆனால் 2400 வகுபடாது. அதனால்தான் 2000 இருந்தும் 2400 தேவைப்படுகிறது. 1900-ஐச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எக்ஸெல் இன்றுவரை 1900-ஐ லீப் ஆண்டாகத்தான் கணக்கிடுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளின் பிழை அது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பையன்கள் விடைத்தாளில் எப்படியெல்லாம் தப்பு செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பயிற்சியை எடுத்து, தவறான வழியில் போனாலும் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிற ஓட்டை இருக்கிறதா என்று காகிதத்திலேயே தேடுங்கள். கிடைத்தால், எந்தத் தவறு நழுவிப் போகிறது, எந்த எண் அதைப் பிடிக்கும் என்று விவாதப் பகுதியில் இரண்டு வரி எழுதினால் போதும். கோடு எழுத ஆள் வருவார்கள்.

இன்னொன்று. பட்டியலில் ஏற்கெனவே உள்ள டெஸ்ட்டை மாற்றச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு, பல டிராக்குகள் அதை நம்பி இருக்கின்றன. பழையது தவறென்றால் அதை விட்டுவைத்து, அதற்கு மாற்று என்று குறிப்பிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அந்தந்த டிராக் முடிவு செய்துகொள்ளும்.

பொறியியல் மாணவர், ஈரோடு: நேர்காணல் பயிற்சித் தளங்களில் நல்ல கேள்விகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் சேர்க்கலாமா?

கூடாது. அவை அந்த நிறுவனங்களின் சொத்து. எக்ஸர்சிஸம் டிராக்குகள் எம்ஐடி உரிமத்தில் வெளியாகின்றன, யாரும் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். உங்களுக்குச் சொந்தமில்லாததை அப்படி எடுத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பெயரையும் எண்களையும் மாற்றினாலும் பதில் இதுதான்.

வாசகர், யாழ்ப்பாணம்: சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதும் பயிற்சியில் 'தமிழ்' என்று கொடுத்தேன். விடை அலங்கோலமாக வந்தது. தமிழுக்கு ஒரு டெஸ்ட் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

அலங்கோலத்துக்குக் காரணம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறை. நம் கண்ணுக்கு த, மி, ழ் என்று மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். அந்த ஐந்தையும் அப்படியே திருப்பினால் புள்ளி முன்னால் அநாதையாக நிற்கும், இகரக் குறி போய் ழ-வில் ஒட்டிக்கொள்ளும். வர வேண்டியது 'ழ்மித'.

அந்தப் பயிற்சியின் பொதுப் பட்டியலில் இதே சிக்கலைப் பிடிக்க ஏற்கெனவே ஒரு தாய்லாந்து மொழிச் சொல் இருக்கிறது. நீங்கள் போட்ட டிராக் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். குறிகளை முழு எழுத்துகளாகச் சேர்த்துப் பிரிக்கும் வசதி எல்லா மொழியிலும் கையோடு கிடைக்காது என்பதால் அதை விடுகிற டிராக்குகள் உண்டு. தமிழ் மீது எனக்கும் ஆசைதான். ஆனாலும், அந்தத் தாய்லாந்து மொழிச் சொல் பிடிக்காத ஒரு தவறைத் தமிழ்ச் சொல் பிடிக்கும் என்று காட்ட முடிந்தால் மட்டுமே கேளுங்கள்.

தமிழ் எழுத்துகளில்தான் ஆர்வம் என்றால் உங்களுக்கு ஏற்ற இடம் ஓபன்-தமிழ் என்ற பைதான் நூலகம். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் அதில் இருக்கிறது, அதுவும் திறமூலம்தான். உங்கள் சொல்லை அதில் போட்டுப் பாருங்கள். அப்புறம் 'லக்ஷ்மி', 'ஸ்ரீ' இரண்டையும் போடுங்கள். க்ஷ-வை ஒரே எழுத்தாக எடுப்பதா இரண்டாகப் பிரிப்பதா என்று முதலில் நீங்களே தீர்மானித்து, எதிர்பார்க்கும் விடையை எழுதி வைத்துவிட்டு ஓட்டுங்கள். விடை வேறாக வந்தால், இரண்டையும் அருகருகே வைத்து, உங்கள் காரணத்தோடு அங்கே தெரியப்படுத்துங்கள்.