பழைய மிரர் படகும் அதன் டிரெய்லரும்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். ஒட்டுப்பலகையால் கட்டிய மிரர் வகைப் பழைய பாய்மரப் படகு ஒன்றை, டிரெய்லரோடு சேர்த்து மலிவாக வாங்கியிருக்கிறேன். கயிறு, கப்பி, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட் எல்லாவற்றையும் நானே மாற்றிப் புதுப்பிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: படகை அப்படியே விட்டுவிட்டு டிரெய்லரின் சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள். மிரரின் வெற்று உடல் 45 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆகவே அந்த டிரெய்லரின் பேரிங் பெரும்பாலும் பாரத்தால் கெடுவதில்லை, தண்ணீரால்தான் கெடுகிறது. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தைக் குளிர்ந்த கடல்நீரில் இறக்கும்போது, உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் சீலைத் தாண்டி உப்புநீரை உறிஞ்சிக்கொள்கிறது. துரு அங்கேதான் பிறக்கிறது. இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய இப்படகுக்குத் தனிக் கைவண்டி ஒன்று இருந்தால் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கவே வேண்டியதில்லை. அதற்குச் செலவழிப்பதை வீண் என்று நினைக்காதீர்கள்.

டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் குடத்தைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, உருளைகளில் குழியோ துருவோ இருந்தால் பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய கிரீஸை மேலே பூசினால் போதாது, உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தி ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கிப் பிறகு சற்றே தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னையே நிமிர்த்திப் போடுவது சில காசுகளுக்காகச் சக்கரத்தைப் பணயம் வைப்பதாகும். டயரில் பட்டன் தேயாமல் இருப்பதை நம்பாதீர்கள், பக்கவாட்டு வெடிப்புகளைப் பாருங்கள்.

இனி படகு. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் 1960களின் தொடக்கத்தில் வடிவமைத்த இப்படகு, ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டிக் கட்டப்படுவது. எனவே தையலோரங்களையும் தரைப்பகுதியையும் கூர்மையான ஊசியால் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் இடங்களை முதலில் சரிசெய்யுங்கள். எப்பாக்ஸி என்னும் பிசின் பழைய பாலியெஸ்டர் பிசின்மீது நன்றாகப் பிடிக்கும். எப்பாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. புதிய கிளீட்டுக்குத் துளையிடும்போது அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். நேரே திருகைச் செலுத்தினால் பலகையின் அடுக்குகளுக்குள் நீர் புகுந்து அழுகல் தொடங்கும்.

கேள்வி: பாயின் அடிக்கட்டையான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிற்றை இழுக்க என் மகளுக்குப் பலம் போதவில்லை. பெரிய கப்பி வாங்கினால் எளிதாகுமா?

பதில்: கப்பியின் அளவு உராய்வைக் குறைக்கும்; விசையைக் கூட்டுவது கப்பிகளுக்கு இடையே ஓடும் கயிற்று இழைகளின் எண்ணிக்கையும் கப்பிகளைக் கட்டும் முறையும்தான். ஒரு கப்பி இழுக்கும் கயிற்றின் நுனியில் அடுத்த கப்பியைக் கட்டும் முறையில், நகரும் கப்பி ஒவ்வொன்றும் இழுவிசையை இரட்டிக்கும். மூன்று கப்பிக்கு எட்டு மடங்கு, அதில் உராய்வுக்குக் கொஞ்சம் கழியும். ஆனால் அந்த எட்டு மடங்கும் பாய்மரத்தின் அடியிலுள்ள பழைய திருகுகளின் மீதுதான் விழும் என்பதால், அவற்றை மாற்றாமல் இதைச் செய்ய வேண்டாம். மகள் பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் மிரர் வகுப்பு விதிகளையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.